யாரும் பேசாத ஆரம்பகால வெஸ்டர்ன் படங்கள்: அப்படி என்ன இருக்கிறது அவற்றில்?

புழுதிப்பாதை

வெஸ்டர்ன், அதாவது அமெரிக்க மேற்கின் கௌபாய் படங்கள், என்றதும் நம்மில் பலருக்கு கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் சுருட்டுதான் ஞாபகத்துக்கு வரும். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஜான் வெய்ன். அதோடு சரி. அதற்கும் முந்தைய முப்பது வருடப் படங்களைப் பற்றித் தமிழில் பேச ஆளே கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த இழை.

1916-ல் வந்த 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் எஸ். ஹார்ட் கதாநாயகன். சாராயக்கடையும் துப்பாக்கியும் ஆளும் ஓர் ஊருக்கு இளம் பாதிரியார் ஒருவர் தன் தங்கையோடு வருகிறார். அவரை விரட்டும் வேலை ஹார்ட்டுக்கு. வழக்கமாக என்ன நடக்கும்? பாதிரியார் நல்லவர், கடைக்காரன் கெட்டவன், நடுவில் நாயகன் திருந்துவான். இதிலும் நாயகன் திருந்துகிறான். ஆனால் பாதிரியார் விழுந்துவிடுகிறார். கடைக்காரன் ஏவிவிட்ட பெண்ணிடம் மயங்கி, குடித்து, கடைசியில் தன்னுடைய தேவாலயத்தையே கொளுத்தும் கும்பலோடு சேர்ந்து செத்துப்போகிறார். அதன்பிறகு ஹார்ட் அந்த ஊரையே எரித்துவிடுகிறார். சாராயக்கடையில் தொங்கும் விளக்குகளைச் சுட்டு வீழ்த்தி, தீ பிடிக்கவிட்டு, மொத்த ஊரையும் சாம்பலாக்குகிறார். 1916-ல் இப்படி ஒரு முடிவு!

அதில் ஒரு காட்சி. ஹார்ட் உட்கார்ந்து பைபிள் படிக்கிறார். வாயில் சிகரெட், பக்கத்தில் விஸ்கி பாட்டில். மனம் மாறிய நாயகனை உடனே சுத்தமாக்கிக் காட்ட வேண்டும் என்ற அவசரமே அந்தப் படத்துக்கு இல்லை.

இந்த வகைப் படங்களுக்கு அப்போது இலக்கணம் எதுவும் உறுதியாகவில்லை. எது வெஸ்டர்ன், அதில் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. அந்தச் சுதந்திரம்தான் என்னை இழுக்கிறது. நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பிடித்ததா, பிடிக்கவில்லையா, எதுவானாலும் சொல்லுங்கள்.

நெல்லை கணேஷ்

நானும் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு ஒட்டவில்லை. ஆட்கள் பொம்மை மாதிரி வெடுக் வெடுக்கென்று நடக்கிறார்கள், பின்னணியில் சம்பந்தமில்லாத பியானோ, முகம் தெரியாத அளவுக்கு மங்கல். கதையும் கொள்ளை, துரத்தல், சண்டை, அவ்வளவுதான்.

யாரும் பார்க்காததை நாம் பார்த்திருக்கிறோம் என்ற திருப்திதான் இந்த ஈர்ப்பில் பாதி என்று நினைக்கிறேன். அரிது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுமா? 'நிஜமான மேற்கு' என்றும் சிலர் சொல்கிறார்கள். எல்லாரும் தொடக்கம் என்று கொண்டாடும் 'தி கிரேட் டிரெயின் ராபரி' (1903) எடுக்கப்பட்டதே நியூ ஜெர்சியில். கிழக்குக் கடற்கரை! அதில் என்ன நிஜம்?

ஆபரேட்டர் முத்து

கணேஷ் தம்பி, முதலில் அந்த 'வெடுக் வெடுக்' விஷயத்தைப் பேசிவிடுவோம். அது படத்தின் குற்றம் இல்லை, ஓட்டியவரின் குற்றம்.

அன்றைக்குக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று. ஆக 16 ஃபிரேம் என்பது பொதுக் கணக்கு. கேமராமேன் கையைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். பேசும் படம் வந்த பிறகு 24 என்று உறுதியானது. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் நடப்பவன் ஓடுவான், ஓடுபவன் பறப்பான். காப்புரிமை காலாவதியான படங்கள் என்பதால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பிரதியின் பிரதியின் பிரதி, வேகமும் தப்பு. அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்து நடிப்பே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவன். வேகம் தப்பினால் படம் எப்படிச் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும்.

நிறமும் அப்படித்தான். அவை வெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இல்லை. பிரிண்டையே சாயத்தில் முக்கி எடுப்பார்கள். இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு, விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள். நீங்கள் சொன்ன 'கிரேட் டிரெயின் ராபரி'க்குக் கையால் நிறம் தீட்டிய பிரதிகள் உண்டு. ரயில் பெட்டியில் வெடி வைக்கும்போது எழும் புகைக்கு ஆரஞ்சு, நடனமாடும் பெண்ணின் பாவாடைக்கு மஞ்சள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்து தீட்டியது. கடைசியில் ஒருவன் நேராகப் பார்வையாளரை நோக்கிச் சுடுவானே, அந்த ஷாட்டை முதலில் வைப்பதா, முடிவில் வைப்பதா என்பதைக்கூட எடிசன் கம்பெனி படம் ஓட்டுபவரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. ஆபரேட்டருக்கு அவ்வளவு மரியாதை.

சரவணன் திருச்சி

நிஜம் எங்கே என்று கணேஷ் கேட்டார். நல்ல கேள்வி. 1903-ஐ விட்டுவிட்டு 1908-க்கு வாருங்கள்.

'தி பேங்க் ராபரி' என்று ஒரு படம். ஓக்லஹோமாவில் கேஷ் என்ற சிற்றூரில் எடுத்தது. ஓக்லஹோமா மாநிலமாகி ஒரு வருடம்கூட முழுசாக ஆகியிருக்காத சமயம். இயக்கியவர் பில் டில்க்மன், நிஜமான மார்ஷல். பில் டூலின் என்ற பெரிய கொள்ளைக்காரனை 1896-ல் பிடித்தவர். படத்தில் கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாக வருபவர் ஆல் ஜென்னிங்ஸ். வக்கீலாக இருந்து ரயில் கொள்ளைக்காரனாகி, சிறைக்குப் போய் வந்தவர். அதாவது, பிடிக்கிற வேலையில் இருந்தவர் படம் எடுக்கிறார், பிடிபட்டவர் நடிக்கிறார். கொமாஞ்சி பூர்வகுடிகளின் தலைவர் குவானா பார்க்கரும் அதில் வருகிறார்.

சினிமாவாகப் பார்த்தால் மோசம்தான். கேமரா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது, ஆட்கள் எறும்பளவுக்குத் தெரிகிறார்கள். ஆனால் அந்தக் குதிரைகளைக் கட்டுவதைப் பாருங்கள், ஏறுவதைப் பாருங்கள். தொப்பி, சேணம், துப்பாக்கியைப் பிடிக்கும் விதம் எதையும் எந்த ஆடைக் கலைஞரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெருவில் ஒரு வீடு பாதி கட்டிய நிலையில் நின்றால், அது நிஜமாகவே பாதி கட்டிய வீடு.

இப்படி இன்னும் பலர். 1892-ல் கான்சாஸின் காஃபிவில் ஊரில் இரண்டு வங்கிகளை ஒரே நேரத்தில் கொள்ளையடிக்கப் போன டால்டன் கூட்டத்தில் உயிர் தப்பியவர் எம்மெட் டால்டன் ஒருவர்தான். உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட காயம். பதினான்கு வருடம் சிறை. அவரே 1918-ல் 'பியாண்ட் தி லா' படத்தில் தன் கதையில் தானே நடித்தார். பழைய மேற்கின் புகழ்பெற்ற சட்ட அதிகாரி வயாட் ஏர்ப் 1929-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் வில்லியம் எஸ். ஹார்ட்டும் இன்னொரு கௌபாய் நடிகர் டாம் மிக்ஸும் இருந்தார்கள். நிஜ மேற்கும் சினிமா மேற்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இடைவெளி அந்த இருபது வருடம்தான். பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் அது திரும்பாது.

யாழினி

சரவணன் அண்ணா, நல்ல பதிவு. ஆனால் 'நிஜம்' என்று பேசும்போது ஒரு பக்கத்தை விட்டுவிட முடியாது. இந்தப் படங்களில் பெரும்பாலானவை பூர்வகுடி மக்களைக் கொன்று குவிப்பதையே பொழுதுபோக்காகக் காட்டியவை. வெள்ளை நடிகர்கள் சாயம் பூசிக்கொண்டு ஊளையிடுவார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். பழையது என்பதால் அதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

அப்படியிருந்தும் இந்தக் காலப் படங்களை நான் தேடிப் பார்ப்பதற்குக் காரணம், பிற்காலத்தில் மூடிப்போன ஒரு கதவு அப்போது கொஞ்சம் திறந்திருந்தது. 1910 வாக்கில் பூர்வகுடிகளின் பக்கம் நின்று கதை சொல்லும் படங்கள் வந்தன. பதே கம்பெனிக்காக ஜேம்ஸ் யங் டியர் எடுத்த 'ஒயிட் ஃபான்ஸ் டிவோஷன்' (1910) அப்படி ஒன்று. அவர் மனைவி லில்லியன் செயின்ட் சிர், திரையில் 'ரெட் விங்', ஹோ-சங்க் இனத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம். 1914-ல் இயக்குநர் டிமில்லின் 'தி ஸ்குவா மேன்' படத்திலும் அவரே. வெஸ்டர்ன்களால் புகழ்பெற்ற இயக்குநர் ஜான் ஃபோர்டுக்கு முன்னாலேயே இது நடந்திருக்கிறது என்றால், பிறகு வந்த நாற்பது வருடம் எவ்வளவு பின்னால் போயிருக்கிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்று, என் மனதுக்கு மிக நெருக்கமானது: 'தி டாட்டர் ஆஃப் டான்' (1920). ஓக்லஹோமாவின் விச்சிடா மலைப்பகுதியில் எடுத்தது. நடித்தவர்கள் எல்லாரும் கயோவா, கொமாஞ்சி மக்கள், முந்நூறு பேருக்கு மேல். ஒரு வெள்ளை முகம்கூடத் திரையில் இல்லை. குவானா பார்க்கரின் மகனும் மகளும் நடித்திருக்கிறார்கள். கூடாரங்களும் உடைகளும் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. கதை வெள்ளைக்காரர் எழுதிய சாதாரணக் காதல் கதை, ஒரு பெண்ணுக்கு இரண்டு பேர் போட்டி. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவர்களுடைய சடங்கு நடனங்களை அரசு அடக்கிவந்தது. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து முடியை வெட்டி, சொந்த மொழி பேசினால் தண்டித்தது. அப்படிப்பட்ட நேரத்தில், தங்கள் பெரியவர்களின் உடையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு கேமரா முன்னால் ஆடியிருக்கிறார்கள்.

அந்தப் படம் காணாமல் போய், 2000-க்குப் பிறகுதான் மீண்டும் வெளிப்பட்டது. ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கம் வாங்கிச் சீர்படுத்தியது. 2013-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. தங்கள் தாத்தா பாட்டியை அந்தப் படத்தில் அடையாளம் கண்ட குடும்பங்கள் உண்டு. 'அரிது என்பதால் பிடிக்கிறது' என்ற விளக்கம் அவர்களுக்குப் பொருந்தாது கணேஷ்.

நெல்லை கணேஷ்

யாழினி, நீங்கள் சொன்னதை மதிக்கிறேன். சரவணன் சொன்னதும் சுவையான தகவல்தான். ஆனால் நீங்கள் இருவரும் சொல்வது ஆவணமாக அதன் மதிப்பு. பழைய போட்டோ ஆல்பத்துக்கும் அந்த மதிப்பு உண்டு. நான் கேட்பது வேறு. சினிமாவாக, ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கும் கதையாக, இவற்றில் ஏதாவது நிற்குமா? வரலாறு தெரியாத ஒருவரை உட்காரவைக்குமா? ஹார்ட் படத்தை முதல் பதிவில் பார்த்தேன். அது விதிவிலக்காகவும் இருக்கலாமே.

புழுதிப்பாதை

நிற்கும் கணேஷ். 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' (1917) பாருங்கள். ஜான் ஃபோர்டின் முதல் முழுநீளப் படம். அப்போது அவருக்கு வயது 23. யூனிவர்சல் கேட்டது இரண்டு ரீல் குறும்படம். அவர் ஐந்து ரீல் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஸ்டுடியோக்காரர்கள் வெட்டச் சொன்னார்களாம். முதலாளி கார்ல் லெம்லி, தைக்கக் கொடுத்த சூட்டோடு தையல்காரர் கூடுதலாக ஒரு பேன்ட்டும் இலவசமாகக் கொடுத்தால் நான் ஏன் திருப்பித் தூக்கிப்போட வேண்டும் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

ஹாரி கேரி நாயகன், 'செயென் ஹாரி' என்ற பாத்திரம். பண்ணை முதலாளிகள் ஒரு விவசாயியின் தண்ணீரை அடைக்கிறார்கள். அந்த விவசாயக் குடும்பத்தை விரட்டக் கூலிக்கு வருபவன் இவன். அந்தக் குடும்பத்துப் பையன் ஏற்கெனவே சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறான். அப்பாவும் தங்கையும் குழிமேட்டருகே நிற்பதை ஹாரி வந்து பார்க்கிறான். அவன் கண் கலங்குகிறது. வசனம் இல்லை, விளக்கம் இல்லை. வாங்கிய வேலை அந்த இடத்தில் முடிந்துபோகிறது. கேரியின் முகம் அழகானது இல்லை, கசங்கிய சட்டை மாதிரி ஒரு முகம். அதில் அசைவு அவ்வளவு குறைவு. நூறு வருடம் கழித்துப் பார்த்தாலும் மிகை என்று சொல்ல முடியாது.

அப்புறம் தெருச் சண்டை. ஹாரியும் எதிராளியும் ஒருவரையொருவர் நோக்கி நடந்து வருகிறார்கள். முகங்கள் நெருங்கி வருகின்றன, கண்கள் திரையை நிரப்புகின்றன. ஐம்பது வருடம் கழித்து இத்தாலிய வெஸ்டர்ன் இயக்குநர்கள் செய்தது என்று நாம் நினைக்கும் வேலை. வாசல் சட்டத்துக்குள் ஆளை நிறுத்தி, வெளியே வெயிலும் உள்ளே இருட்டுமாகக் காட்டும் ஃபோர்டின் பழக்கமும் இதில் வந்துவிட்டது. ஹாரி கேரிக்கு ஒரு கையால் மறுகையின் முழங்கைப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கம் உண்டு. 1956-ல் 'தி சர்ச்சர்ஸ்' முடிவில் ஜான் வெய்ன் வாசலில் அப்படியே நிற்பது, அப்போது இறந்துவிட்டிருந்த கேரிக்குச் செய்த மரியாதை. இந்தப் பழைய படத்தைப் பார்த்திருந்தால் அந்தக் கடைசி ஷாட் இரண்டு மடங்கு அடிக்கும்.

பல வருடம் தொலைந்த படம் என்றே இது கணக்கில் இருந்தது. 1960களில் பிராகில் ஒரு பிரதி கிடைத்தது.

சிவகாசி டெக்ஸ்

நான் டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலிய கௌபாய் காமிக்ஸ் நாயகன் வழியாக வந்தவன். லயன் காமிக்ஸில் அரிசோனாவையும் நவஹோக்களையும் படித்து வளர்ந்த பலருக்கு இந்த நிலப்பரப்பு சொந்த ஊர் மாதிரி. அதனால் என் ஓட்டு ஊமைப்படத்துக்கு இல்லை, 1930களின் சின்ன பட்ஜெட் பேசும் படங்களுக்கு. ஒரு மணி நேரம்கூட ஓடாது, வளவளப்பு இல்லை.

'ராண்டி ரைட்ஸ் அலோன்' (1934), மோனோகிராம் வெளியிட்டது. தொடக்கத்தைக் கேளுங்கள். ஜான் வெய்ன் குதிரையில் ஒரு விடுதிக்கு வருகிறார். உள்ளே பியானோ சத்தம் கலகலவென்று கேட்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு போனால், பியானோ தானாக ஓடும் இயந்திரப் பியானோ. அங்கே இருந்த எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள். சுவரில் மாட்டிய படத்தின் கண்கள் மட்டும் அசைகின்றன, பின்னால் யாரோ ஒளிந்து பார்க்கிறார்கள். பணமே இல்லாத கம்பெனி, நாலு சுவர், ஒரு பியானோ. அதை வைத்து இப்படி ஒரு தொடக்கம்! படம் முழுக்க அந்தத் தரத்தில் போகவில்லை. ஆனால் அந்தச் சில நிமிடத்துக்கு இணையாகப் பெரிய படங்களில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று, 'ஹெல்ஸ் ஹீரோஸ்' (1930). வில்லியம் வைலர் இயக்கியது, சார்லஸ் பிக்ஃபோர்ட் நடித்தது. பாலைவனத்தில் தப்பியோடும் கொள்ளைக்காரர்கள் கையில், செத்துப்போன ஒருத்தியின் பச்சைக் குழந்தை. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசி ஆள் விஷம் கலந்த ஊற்றைக் கண்டுபிடிக்கிறான். குடித்தால் கொஞ்ச நேரத்தில் சாவு, குடிக்காவிட்டால் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுவான், குழந்தையும் போய்விடும். குடிக்கிறான். ஊர் வரைக்கும் போய்ச் சேர அந்தக் கொஞ்ச நேரம் போதுமா என்பதுதான் மீதிப் படம். இதே கதையை ஃபோர்டு 1948-ல் கலரில் ஜான் வெய்னை வைத்து எடுத்தார். அது பண்டிகைக் காலப் படம். வைலருடையது கல் மாதிரி இருக்கும்.

ஆபரேட்டர் முத்து

டெக்ஸ் தம்பி சொன்ன இரண்டையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஊமைப்படங்களை ஓரமாக வைக்காதீர்கள், ஏனென்றால் மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த முழுநீள ஊமைப்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் வெளியான வடிவிலேயே இன்றும் இருப்பவை 14 சதவீதம். வெளிநாட்டுப் பிரதிகள், தரம் குறைந்த பிரதிகள் எல்லாம் சேர்த்தாலும் 70 சதவீதம் போய்விட்டது. காரணம் நைட்ரேட் ஃபிலிம். தானாகச் சிதையும், பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரி ஊரில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்தது. டாம் மிக்ஸ் ஃபாக்ஸுக்காக நடித்த படங்களில் பெரும்பகுதி அதோடு சாம்பல். உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய கௌபாய் நடிகரில் ஒருவர், இன்று பத்தில் ஒரு படம் பார்ப்பதே அபூர்வம். யூனிவர்சல் தன் ஊமைப்படங்களை 1948-ல் தானே அழித்தது. விற்பனை மதிப்பு இல்லை, வைக்க இடச் செலவு, அவ்வளவுதான் யோசனை.

தப்பியவை எங்கே தப்பின என்று பாருங்கள். விநியோகப் பாதையின் கடைசிக் கோடியில். கனடாவின் வட மூலையில் டாசன் சிட்டி. அங்கே வரும் படத்தைத் திருப்பி அனுப்ப ஆகும் செலவு படத்தின் மதிப்பைவிட அதிகம். அதனால் அங்கேயே குவிந்து, ஒரு நீச்சல் குளத்தை மூடும்போது மண்ணோடு போட்டு மூடிவிட்டார்கள். 1978-ல் தோண்டும்போது 500-க்கும் மேற்பட்ட ரீல்கள் உறைபனிக்குள்ளிருந்து வெளிவந்தன. நியூசிலாந்திலும் இதே கணக்குதான். 2010-ல் அங்கிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பிய 75 படங்களில் 1910களின் குட்டி வெஸ்டர்ன்களும் இருந்தன. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது அந்த ஊர்ச் சேகரிப்பாளர்களும் ஆவணக் காப்பகமும்தான். எடுத்தவர்கள் எரித்ததை, ஓட்டியவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

யாழினி

முத்து ஐயா, இதைப் படித்ததும் 'டம்பிள்வீட்ஸ்' (1925) பற்றி எழுதத் தோன்றியது. ஹார்ட்டின் கடைசிப் படம். 1893-ல் ஓக்லஹோமாவின் செரோக்கி ஸ்டிரிப் நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்ட அந்த ஓட்டத்தைக் காட்டுகிறது. பீரங்கி வெடித்ததும் குதிரை, வண்டி, சைக்கிள் என்று கிடைத்ததில் ஏறி எல்லாரும் பாய்கிறார்கள். பிரம்மாண்டம்தான். யாருடைய நிலம் அது என்ற கேள்வி எனக்குப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். படம் கௌபாய்களுக்காக மட்டுமே வருந்துகிறது.

1939-ல் அதை மறுபடி வெளியிட்டபோது, எழுபது தாண்டிய ஹார்ட் முன்னுரையாகச் சில நிமிடம் பேசினார். முழு கௌபாய் உடையில், வெட்டவெளியில் நின்று. நாடக மேடைக் குரல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஒலிக்கும். தான் ஓட்டிய குதிரைகளையும் புழுதியையும் பற்றிச் சொல்லும்போது குரல் உடைகிறது. திரையில் அவர் குரலைக் கேட்டே இராத ரசிகர்கள் முதல்முறையாக அதைக் கேட்டிருப்பார்கள். ஊமைப்படம் பிடிக்காதவர்களும் அந்த முன்னுரையை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

நெல்லை கணேஷ்

'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' பார்த்தேன். முத்து ஐயா சொன்னபடி, வேகம் சரிசெய்து சீர்படுத்திய பிரதி. வெடுக் வெடுக் இல்லை என்பது பெரிய விஷயம். குழிமேட்டுக் காட்சி நிஜமாகவே பிடித்தது. கேரி தலையைத் திருப்பிக்கொள்ளும் விதம் நன்றாக இருக்கிறது. நடுவில் குதிரைக் கூட்டம் இங்கும் அங்கும் ஓடும் பகுதி நீளம், அங்கே எனக்கு அலுத்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கெட்டவன் நல்லவனாகும் கதை என்பதில் ஹார்ட் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. இந்த நாயகர்கள் எல்லாரும் ஒரே அச்சா? அச்சை உடைத்த படம் இருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

புழுதிப்பாதை

இருக்கிறது. அடுத்த வருடமே அதே ஃபோர்டும் அதே கேரியும் எடுத்த 'ஹெல் பென்ட்' (1918). நீங்கள் இப்போது கேட்ட கேள்வியோடுதான் அந்தப் படம் தொடங்குகிறது. ஒரு நாவலாசிரியருக்குக் கடிதம் வருகிறது. எல்லாம் சரியாகவே செய்யும் நாயகர்கள் வாசகர்களுக்கு அலுத்துவிட்டார்கள், நல்லதும் கெட்டதும் கலந்த சாதாரண ஆளைப் பற்றி எழுதுங்கள் என்று. அவர் யோசித்துக்கொண்டே சுவரில் இருக்கும் ஃபிரெடரிக் ரெமிங்டன் ஓவியத்துக்கு முன்னால் போய் நிற்கிறார். சீட்டாட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து முடிந்த கடைசி நொடி அந்த ஓவியத்தில். அது அப்படியே உயிர்பெற்று அசைகிறது, புகை கலைகிறது, அந்த அறைக்குள்ளிருந்து படம் கிளம்புகிறது. நாயகன் சீட்டில் ஏமாற்றுபவன், குடிகாரன், குதிரையோடு விடுதி மாடிக்கே ஏறிவருபவன்.

இதுவும் செக்கோஸ்லோவாகியக் காப்பகத்தில் கிடைத்த பிரதியிலிருந்து சீர்படுத்தியதுதான். சீர்படுத்திய பதிப்பையே தேடுங்கள், மங்கலான இணையப் பிரதியில் அந்த ஓவியம் அசையும் இடம் தெரியவே தெரியாது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.